கடைசியாகக் கரண்ட் வந்த தெரு

செப்டம்பர் 28, சனி

மாமாவின் ஆக்ஸிஜன் அளவைக் காலையும் மாலையும் குறித்து வைக்கும்படி டாக்டர் சொன்னதால் இந்த டைரி. முதல் பக்கம் என்பதால் முறையாகவே எழுதுகிறேன். நோயாளி: வைத்திலிங்கம், வயது எழுபத்தொன்று. ரைஸ் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். தவிட்டுத் தூசியில் நுரையீரல் கெட்டுப்போனது. எழுதுவது: மருமகள் மங்கையர்க்கரசி. எல்லோருக்கும் அரசி. மாமாவுக்கு மட்டும் அரிசி. மில்லில் கிடந்த வாய்க்கு அப்படித்தான் வரும் என்பார். இவர், என் கணவர் செந்தில், சிங்கப்பூரில் இருக்கிறார். திருத்துறைப்பூண்டி வீட்டில் நானும் மாமாவும் ஆக்ஸிஜன் மிஷினும்.

காலை 92. மாலை 90.

நடுவில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். இன்று மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்தினார்கள். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நான் பேசாமல் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இன்வெர்ட்டர் கத்தி ஓய்ந்துவிட்டது. மிஷின் நின்றது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரைத் திறந்தால் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மாமா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது.

எங்கள் மாடியில் ஆனி மாதம் குடிவந்தவர் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். ஃபிலோமினா மேடம். தூத்துக்குடிக்காரர். கணவர் அங்கே துறைமுகத்தில் வேலை. இதுவரை படியில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. இன்று போனில் கூப்பிட்டுக் கத்திவிட்டேன். பத்து நிமிஷத்தில் கரண்ட் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நேராக மாமாவின் அறைக்குப் போய், மிஷினைத் திருப்பி அதன் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

"உங்க இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் உள்ளது. இதை அது எம்புட்டு நேரம் தாங்கும்? புயல் மாசம் வருது. பெரிசா ஒண்ணு அடிச்சா எங்களால வாரக்கணக்குல கரண்ட் குடுக்க முடியாமப் போவும். ஒரு ஜெனரேட்டர் வாங்கிப்போடுங்க," என்றார்.

கரண்ட் ஆபீஸ்காரர் ஒருவர் தன் வாயால் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கத்தாமல் இருந்திருந்தால்தான் தப்பு என்றார்.

அக்டோபர் 2, புதன்

காலை 93. மாலை 92.

இவர் போன் செய்தார். ஜெனரேட்டர் பற்றிச் சொன்னேன். "சித்தப்பாகிட்ட கேளு. அவர் என்ன சொல்றாரோ அதைச் செய்," என்றார். பிறகு அவருக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. அங்கே வேலை அப்படி.

சித்தப்பா என்பது தெருமுனைப் பெரிய வீட்டுத் துரைமாணிக்கம் சின்ன மாமா. காண்ட்ராக்டராக இருந்தவர். கேட்டதும் கையோடு ஒரு வழி சொன்னார். மூடிக் கிடக்கும் கல்யாண மண்டபத்து டீசல் ஜெனரேட்டர் விலைக்கு வருகிறதாம். வீட்டில் ஏசி, மோட்டார், கிரைண்டர் எல்லாம் ஓடுமாம். எங்கள் வீட்டில் ஏசி இல்லை என்றேன். ஜெனரேட்டர் வந்துவிட்டால் ஏசியும் வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

அக்டோபர் 3, வியாழன்

காலை 92. மாலை 91. சாம்பார் தீய்ந்துவிட்டது.

அக்டோபர் 6, ஞாயிறு

மேடம் கீழே வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தார். அவர் வருவார் என்று நான் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்: ஆக்ஸிஜன் மிஷின், மூன்று ஃபேன், எல்லா அறை லைட்டும், ஃப்ரிட்ஜ், டிவி, மிக்சி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார். அவர் படித்துவிட்டு, இதெல்லாம் வேண்டுமென்றால் கல்யாண மண்டபத்து மெஷின்தான் வாங்க வேண்டும் என்றார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பேனாவை என் கையில் கொடுத்தார்.

"எது நின்னா மாமாவுக்கு மூச்சு நிக்கும்? அது போவ மிச்சத்தை நீங்களே அடிங்க."

டிவியை முதலில் அடித்தேன். கட்டிலிலிருந்து மாமா, "ஏம்மா அரிசி, கிரிக்கெட் நடந்தாகூடவா?" என்று கேட்டார். மோட்டாரை அடித்தேன், புயலுக்கு முன்பே டிரம்மில் தண்ணீர் பிடித்துவிடலாம். கிரைண்டர் போனது. ஃப்ரிட்ஜைத் தினமும் கொஞ்ச நேரம் ஓட்டினால் போதும் என்றார். கடைசியில் மிஞ்சியது மிஷினும் ஒரு ஃபேனும் ஒரு லைட்டும் போன் சார்ஜரும். இதற்குச் சின்னதாக ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரே தாராளம். மிஷின் கிளம்பும்போது ஒரு கணம் கூடுதலாக இழுக்கும், அதற்கும் சேர்த்து இடம் விட்டுத்தான் சொல்கிறேன் என்றார். ஆக்ஸிஜன் மிஷினுக்குள் இருப்பது நுணுக்கமான சர்க்யூட் என்பதால் சீரான கரண்ட் தரும் வகையாகப் பார்த்து வாங்கச் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். அதை இரண்டு முறை சொன்னார். ஜெனரேட்டர் புகையில் மணமோ நிறமோ இல்லாத விஷவாயு இருக்கிறதாம். வீட்டுக்குள், வராந்தாவில், ஜன்னலுக்குக் கீழே எங்கேயும் வைத்து ஓட்டக் கூடாது. நல்ல நுரையீரலே தாங்காது என்றார். அடுத்ததைச் சொல்லாமல் மாமாவைப் பார்த்தார்.

எவ்வளவு தெளிவான தலை. நான் பி.காம். படித்தேன் என்று பெயர்.

அக்டோபர் 8, செவ்வாய்

காலை 92. மாலை 92.

கொல்லையில் எங்கே வைப்பது என்று குழப்பமாக இருந்தது. ஒரு தகரத்தில் தேங்காய் நாரைக் கொளுத்தி, கிணற்றடி, துவைக்கல், மாட்டுக் கொட்டகையாக இருந்த மூலை என்று ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தேன். கிணற்றடியில் வைத்தால் புகை நேராக மாமாவின் ஜன்னலுக்கு வருகிறது. கொட்டகை மூலையில் வைத்தால் காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலியைத் தாண்டிப் போய்விடுகிறது. மேலே கூரையும் இருக்கிறது. காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் கொளுத்திப் பார்த்தேன். எதிர்வீட்டு மும்தாஜ் கைக்குழந்தையோடு வந்து, என்னக்கா யாகம் வளர்க்கிறீங்களா என்று கேட்டாள்.

மேடத்திடம் சொன்னேன். கொட்டகை மூலைக்கு வந்து நின்று பார்த்தார். தப்பாகச் செய்துவிட்டேனோ என்று நினைத்தேன். சரியான இடம்தான் என்றார்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. மேடத்துக்கு விடுமுறை. மாமாவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னைத் தஞ்சாவூருக்கு அனுப்பினார். தனியாகக் கடைக்குப் போய் மெஷின் வாங்குவது முதல் தடவை. பஸ்ஸில் போகும்போது வாட் கணக்கை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

முதல் கடையில் நான் பேச ஆரம்பித்ததும், வீட்டில் சார் யாரும் வரவில்லையா என்றார்கள். நான்தான் ஓட்டப்போகிறேன் என்று சொன்னேன். டீசல் ஒன்றைக் காட்டினார்கள். கைப்பிடியைப் போட்டுச் சுற்றிப் பார்த்தேன். பாதிச் சுற்றுக்கு மேல் வரவில்லை. அது ஓடியபோது பேசுவதே கேட்கவில்லை. கூடவே, பட்டனை அழுத்தினால் கிளம்பும் ரகம் ஒன்று காட்டினார்கள். அதன் பேட்டரி இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். இறங்காது என்றார்கள். இன்வெர்ட்டர்க்காரரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

மூன்றாவது கடையில் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். சக்கரம் உண்டு. சீரான கரண்ட். கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். முதல் இரண்டு இழுப்புக்கு இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. கடைக்காரர் தான் இழுத்துக் காட்டுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று, அணைத்து அணைத்து நானே ஐந்தாறு தடவை இழுத்தேன். கடையிலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோள் இப்போது வலிக்கிறது.

அதையே வாங்கினேன். என் சீட்டு முடிந்து வந்த பணம் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மேடமும் மாமாவும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாமா தோற்றுக்கொண்டிருந்தார். 94. இந்த மாதத்தில் இதுதான் அதிகம்.

அக்டோபர் 15, செவ்வாய்

எலக்ட்ரீஷியன் வந்து சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போட்டுவிட்டுப் போனார். கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் கரண்ட் கம்பம், மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒன்றையொன்று தொடவே முடியாது. இது எதற்குத் தனியாக என்று நான் முதலில் தயங்கினேன். இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயரைச் சுவர் பிளக்கில் செருகினால் வீடு முழுக்க எரியும் என்று சின்ன மாமா சொல்லியிருந்தார். அதை மேடத்திடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

முன்பு அவர் வேலை பார்த்த ஊரில் சுடலைமணி என்று ஒரு லைன்மேன். புயலுக்குப் பிறகு லைனை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கிறார். யாரோ ஒரு வீட்டில் இப்படிச் செருகிய ஜெனரேட்டரின் கரண்ட், மீட்டர் வழியாகத் திரும்பி லைனுக்குப் போயிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாகப் புகுந்து ஆயிரக்கணக்கான வோல்ட்டாகிவிடுமாம்.

"அந்த வீட்டுல அப்ப டிவி பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. அவங்களுக்குத் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் தெரியாது," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஸ்விட்சை என்னை நாலைந்து முறை மாற்றிப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 20, ஞாயிறு

சின்ன மாமாவுக்குக் கோபம். என் பேச்சைக் கேட்காதவர்கள் வீட்டுப் பக்கம் எனக்கு என்ன வேலை என்று மும்தாஜிடம் சொன்னாராம். மண்டபத்து டீசல் ஜெனரேட்டரை அவரே வாங்கிவிட்டார். இவரும் போனில் ஒரு மாதிரியாகத்தான் பேசினார். உன் இஷ்டத்துக்குச் செய்வதென்றால் என்னிடம் ஏன் கேட்கிறாய் என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். மூன்று வருஷமாக ஊர்ப் பக்கம் வராதவருக்கு இங்கே இருப்பது எப்படித் தெரியும்.

காலை 91. மாலை 91.

நவம்பர் 8, வெள்ளி

ஒவ்வொரு வெள்ளியும் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்கிறேன். மேடம் சொன்ன பழக்கம். இன்று முதல் இழுப்பிலேயே பிடித்தது. மாமா உள்ளேயிருந்து கை தட்டினார். கை தட்டினால் அவருக்கு மூச்சு வாங்கும்; செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மேடத்தை அக்கா என்று கூப்பிடுகிறேன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 18, திங்கள்

புயல் நம் பக்கம்தான் வருகிறது என்று டிவியில் சொல்கிறார்கள். டிரம்கள் நிரப்பினேன். பழைய சிலிண்டரும் புதிதாக வாங்கிய இன்னொன்றும் நிரம்பி வந்துவிட்டன. பெட்ரோலைக் கேனில் வாங்கிக் கொல்லை அறையில் பூட்டி வைத்தேன். அக்கா ஒரு பையோடு ஆபீசுக்குப் போய்விட்டார். இனி எப்போது வருவார் என்று தெரியாது. போகும்போது மாமாவிடம், "நல்லா இருங்க, வந்து ஆட்டத்தை முடிப்போம்," என்றார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நவம்பர் 20, புதன்

விடியற்காலையில் ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. தென்னைகள் விழுந்தபோது தரை அதிர்ந்தது. கரண்ட் போனது. கொஞ்ச நேரம் இன்வெர்ட்டர், பிறகு சிலிண்டர். ஜெனரேட்டர் கூடத்தில் கோணியால் மூடி இருந்தது.

காற்று நிற்கிற வழியாக இல்லை. முதல் சிலிண்டர் தீர்ந்து இரண்டாவதும் பாதிக்குக் கீழே இறங்கியபோது இவர் போன் செய்தார். எப்படியோ கிடைத்திருக்கிறது. அடுப்படியில் வைத்து ஓட்டு, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள், சித்தப்பாவும் அதைத்தான் சொல்கிறார் என்றார். சரி என்றேன். போன் அறுந்தது.

நான் ஓட்டவில்லை. சிலிண்டரின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். மாமாவின் முதுகுக்குத் தலையணை கொடுத்து, அவர் மூச்சு விடும்போது நானும் கூடவே விட்டேன், அவர் அவசரப்படாமல் இருக்கட்டும் என்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். 86. 85. முள் இறங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்திலேயே ஜெனரேட்டர் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நான் திரும்பி உட்கார்ந்தேன்.

காற்று கொஞ்சம் தணிந்ததும் அதைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழியில் முருங்கை விழுந்து கிடந்தது. வெட்ட நேரமில்லை, ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு தாண்டினேன். அதன் எடை எனக்கு அப்போது தெரியவில்லை. கொட்டகையின் கூரை பாதி பறந்திருந்தது, மூலை மட்டும் மிச்சம். கயிற்றை இழுத்தேன். பிடிக்கவில்லை. இன்னொரு தரம். பிடிக்கவில்லை. கை மழையில் வழுக்கியது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தேன்.

பிடித்துக்கொண்டது.

மாலை 91.

நவம்பர் 21, வியாழன்

92. ஊரில் ஒரு கம்பம்கூட நிற்கவில்லை என்கிறார்கள். மாமா கஞ்சி குடித்தார்.

நவம்பர் 22, வெள்ளி

பெட்ரோலை மிச்சப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜெனரேட்டர் ஓடும்போதே இன்வெர்ட்டரும் சார்ஜ் ஆகிறது. பிறகு ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, இன்வெர்ட்டரில் மிஷினை மட்டும் ஓட்டுகிறேன். அது கத்துவதற்கு முன்பு மறுபடி ஜெனரேட்டர். ஃபேனையும் நிறுத்திவிட்டேன், விசிறுகிறேன்.

ஓடுகிற நேரத்தில் தெருக்காரர்கள் போனைச் சார்ஜ் போட வருகிறார்கள். கூடத்தில் வரிசையாக வைத்திருக்கிறேன். மும்தாஜ் குழந்தையோடு இங்கேயே இருக்கிறாள். குழந்தை மாமாவின் ஆக்ஸிஜன் குழாயைப் பிடித்து இழுக்கிறது. அவருக்கு அதில் சந்தோஷம்.

நவம்பர் 24, ஞாயிறு

அக்கா வந்தார். கால் மணி நேரம்தான். குளித்துவிட்டுப் போக வந்தாராம். முகம் கறுத்து, குரல் கம்மிப் போயிருந்தது. உள்ளங்கை முழுக்கக் காயம். நான் இட்லி வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"அரசி, ஒரு விஷயம். நம்ம தெரு கடைசி."

எனக்குப் புரியவில்லை. கரண்ட் கொடுக்கும் வரிசையில் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு குடிநீர்த் தொட்டிகள், பிறகு காலனிகள், அதற்குப் பிறகுதான் எங்கள் தெரு என்றார். இங்கே இரண்டு ஜெனரேட்டர் இருக்கிறது, மற்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. என் மாமா மூச்சுக்குத் தவிக்கிறார், உங்களுக்குத் தெரியும், நீங்கள் சீட்டு விளையாடிய மனிதர் என்று சொன்னேன். இதற்காகத்தான் வாங்கச் சொன்னீர்களா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தார்.

"வாங்கச் சொன்னது இவருக்காவ. கடைசியா வச்சது நீங்க இருக்கீங்கன்னு. மத்த தெருவுல இப்படி ஒரு ஆள் இல்ல."

எழுந்து கை கழுவிவிட்டுப் போய்விட்டார். தட்டில் பாதி இட்லி அப்படியே இருந்தது.

சாயங்காலம் தண்ணீர் லாரிக்காகக் காலனிப் பக்கம் போனேன். பள்ளிக்கூடத்தில் ஜனங்கள் ஈரப் பாயில் படுத்திருக்கிறார்கள். பிள்ளை பெற்று நாலு நாள் ஆன ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குடிக்கத் தண்ணீர் ஏற்ற மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. அங்கே ஐந்தாறு லைன்மேன்கள் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் சேற்றில் அக்கா நின்று கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

அக்காவும் அதே தெருவில், அதே வீட்டு மாடியில்தான் இருக்கிறார் என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. தன் வீட்டையும் கடைசியில் வைத்திருக்கிறார். அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாமாவிடம் சொன்னேன். நாம் கடைசி என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. அவர், "சரியாத்தான் போட்டிருக்கு அந்தப் பொண்ணு," என்றார்.

நவம்பர் 25, திங்கள்

அக்கா வேலை செய்யும் இடத்துக்கு இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன். லைன்மேன்களுக்கும் சேர்த்து. அக்கா எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

நவம்பர் 27, புதன்

பெட்ரோல் அடிமட்டம். மன்னார்குடி ரோட்டில் ஒரு பங்க் திறந்திருக்கிறது என்றார்கள். மும்தாஜை மாமாவிடம் உட்காரவைத்து, அடியில் மிச்சமிருந்த சிலிண்டரைத் திறக்கவும் மூடவும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவள் வீட்டு சைக்கிளில் போனேன். ரோடு முழுக்க மரம். தூக்கித் தூக்கிப் போனேன். வரிசையில் நின்று இரண்டு கேன் வாங்கி வந்தேன். திரும்பியபோது 88. எனக்கு ஒன்றும் இல்லை. முழங்காலில் சின்னக் காயம்.

நவம்பர் 29, வெள்ளி

இன்று எங்கள் தெருவுக்கு லைன்மேன்கள் வந்தார்கள். முதல் நாளே தகவல் தெரிந்ததால், காலையிலேயே சின்ன மாமா வீட்டுக்குப் போய், ஜெனரேட்டருக்கு ஸ்விட்ச் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். எல்லாம் முறைப்படி இருக்கிறது, உன் வேலையைப் பார் என்றார். நான் நம்பிவிட்டு வந்தேன்.

டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள். கம்பத்தில் ஏறும் முன் ஒரு லைன்மேன் நீளக் கழியில் இருந்த, கரண்ட் இருக்கிறதா என்று காட்டும் கருவியைக் கம்பியில் வைத்தார். அது கத்தியது. எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். அக்காவைப் பார்த்தேன். சுடலைமணியைப் பற்றிச் சொன்ன அன்று இருந்த அதே முகம்.

தெருமுனையிலிருந்து டீசல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் போகிறேன் அக்கா, அது எங்கள் சொந்தக்காரர் வீடு என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் நடந்துவிட்டேன்.

வாசலில் கூப்பிட்டேன். யாருக்கும் கேட்கவில்லை. பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனேன். ஸ்விட்ச் எதுவும் இல்லை. ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயர் நேராகச் சுவர் பிளக்குக்குள் போயிருந்தது. ஒயரைப் பிடுங்கக் கூடாது, அந்தப் பின்னில் கரண்ட் இருக்கும் என்று எனக்குத் தெரியும். டீசல் எஞ்சினை நிறுத்தும் நெம்புகோல் எங்கே என்று தஞ்சாவூர்க் கடையில் பார்த்திருந்தேன். அதைத் தள்ளினேன். இருமி இருமி நின்றது.

சின்ன மாமா ஓடி வந்தார். கூடவே அவர் வீட்டு ஆட்களும்.

"யார் வீட்டு மெஷின்ல கை வைக்கிற நீ? செந்திலுக்கு இப்பவே போன் போடறேன்."

"போடுங்க சின்ன மாமா. கம்பத்துல ஆள் ஏறப்போறாங்க. அவங்க இறங்குற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

பக்கத்தில் ஒரு வாளி கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு, எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் என்னென்னவோ சொன்னார். என் அப்பாவையும் சொன்னார். நான் எஞ்சினை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் உள்ளே போய்விட்டார். அவர் மனைவி ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்த ஒயரைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டினார்.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று அவர்கள் வீட்டு ஃபேன் சுற்றியது. தெருவில் எல்லோரும் கூவினார்கள். எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்ததை நான் அடுத்தவர் கொல்லையில் இருந்துதான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு ஓடினேன். மாமா ஸ்விட்சை மாற்றிப் போட்டிருந்தார், மும்தாஜின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. 92. எங்கே போயிருந்தாய் அரிசி என்று கேட்டார். சின்ன மாமா வீட்டில் மோர் குடித்தேன் என்றேன்.

மதியம் இவர் பேசினார். சித்தப்பா ஏதோ சொல்லியிருப்பார் போலிருக்கிறது, ஆனால் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். "நான் சொன்ன மாதிரியே செஞ்சியா எல்லாம்?" என்றார். ஆமாம் என்றேன். பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன் என்றார். அவசரமில்லை, சௌகரியம்போல வாருங்கள் என்று சொன்னேன்.

சாயங்காலம் வாசல் தெளிக்கப் போனபோது அக்கா வந்திருப்பது தெரிந்தது. மாடிப்படியில் பாதி வரைக்கும் ஏறியிருக்கிறார். அதற்கு மேல் முடியவில்லை போலிருக்கிறது. அப்படியே உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பு காலில் இருந்தது, மற்றது கீழ்ப்படியில் கிடந்தது. கையில் மாடி வீட்டுச் சாவி. படிக்கட்டு பல்பு நேராக அவர் முகத்தில் எரிந்துகொண்டிருந்தது.

எழுப்ப மனம் வரவில்லை. மாமாவின் போர்வையை எடுத்து வந்து போர்த்தினேன். சாவியை மெதுவாக எடுத்து அவர் மடியில் வைத்தேன். பிறகு கை எட்டும் தூரத்தில் இருந்த ஸ்விட்சைத் தட்டி விளக்கை அணைத்துவிட்டு, கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.